வாசலோடு கிழித்த கடிதம்

மலேசியாவில் அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டு விழா வந்தது. பழைய படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தவமலர் வெறுங்கையோடுதான் போனாள். படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிற குடும்பமா அவளுடையது? மேசைமேல் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் விரித்துக் கிடந்தன. ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவமலரும் சும்மா புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

அஞ்சலை. தகப்பன் பெயர் நல்லுசாமி. இரண்டாம் வகுப்பு. கடைசிக் கட்டத்தில், ‘இந்தியா போய்விட்டாள்.’

அது அவள் அக்கா. முகம் தெரியாத அக்கா. ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, ஊர் முன்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கதை தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடியுரிமை இல்லாமல் வேலை பெர்மிட்டும் கிடைக்காதவர்கள் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. தவமலரைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடிவிட்டாள். கப்பல் புறப்படுகிற சமயம் பார்த்துக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அப்பா பெரியவளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, சின்னதைத் தன் தங்கை பவளத்திடம் விட்டுப் போனார். குணமானதும் வந்து கூட்டிப் போகிறேன் என்றார். வரவில்லை. பவளம் அத்தைதான் வளர்த்தாள். பெற்றவளைப் போலவே வளர்த்தாள் என்பதால் தவமலர் அக்காவைப் பற்றி வாயைத் திறந்து கேட்டதே இல்லை. கேட்டால் அத்தை மனசு நொந்துவிடும் என்று ஒரு பயம்.

அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

“பழச கெளறி என்னா ஆவப்போவுது?” என்றாள் அத்தை. ஆனாலும் தன் பெட்டியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே நீலக் கடிதங்கள், அப்பா அனுப்பியவை. முசிறிப் பக்கம் வேப்பந்துறைப்பட்டி என்று விலாசம் இருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் தவறாமல் ஒரு வரி. ‘தங்கச்சி நடக்கிறாளா என்று அஞ்சலை கேட்கிறாள்.’ ‘தங்கச்சி பேசுகிறாளா என்று அஞ்சலை கேட்கிறாள்.’

இனி அவளை யார் பிடித்து நிறுத்துவது! தோட்டத்துத் தேநீர்க் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே வருகிறவர்களிடம்கூட, “எங்கக்கா இந்தியாவுல இருக்கு. போய்ப் பாக்கப் போறேன்லா,” என்று சொல்ல ஆரம்பித்தாள். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். ஈப்போவில் இருக்கிற மகள் ப்ரியா எங்கெங்கோ விசாரித்து, வேப்பந்துறைப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் பழனியப்பன் என்பவருடைய நம்பரைப் பிடித்துக் கொடுத்தாள்.

“மலேயாக்காரர் வீடுன்னுதாம்மா சொல்லுவாங்க,” என்றார் அவர் போனில். “அந்த வீடு இடிஞ்சு மண்ணாப் போச்சு. அவங்க ஊரை விட்டுப் போயே நாப்பது வருசம் இருக்கும். எங்க போனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல.”

தவமலர் போனை வைத்துவிட்டு அத்தையிடம் போனாள்.

“இதுக்கப்புறம் கடிதாசியே வரலியா அத்தை?”

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “வந்துச்சு. ஒங்கப்பன் செத்த கடிதாசி. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த.”

“அது எங்க?”

“எழவுக் கடிதாசிய எவளாச்சும் வூட்டுக்குள்ள வச்சிருப்பாளா? ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வாசல்ல நின்னு படிச்சாரு. வாசலோட கிழிச்சு சாக்கடையில போட்டேன். தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வந்தேன்.”

“எந்த ஊர்லேருந்து வந்துச்சு?”

“ஏதோ டவுனு. அஞ்சலைக்கு மில்லுல வேலைன்னு எழுதியிருந்துச்சு. விலாசம் படிச்சாரு. நான் அழுதுகிட்டு இருந்தேன், காதுல விழல.”

கடிதம் படித்த கிராணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். தவமலருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அத்தை செய்தாள். அன்றைக்குத் தவமலர் வீட்டில் இருந்திருந்தால் அவளும் பேசாமல் கிழித்துத்தான் போட்டிருப்பாள். சாவுச் செய்தி வீட்டில் தங்கினால் இன்னொன்றைக் கூப்பிடும் என்றுதானே அவளையும் வளர்த்தார்கள்.

தோட்டத்து ஆபீசில் கேட்டாள். பழைய கோப்பெல்லாம் கட்டடம் மாறியபோது போய்விட்டது என்றார்கள். தானா ராத்தாவில் அரசாங்க ஆபீசுக்குப் பஸ் பிடித்துப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனவர்கள் அங்கே எங்கே குடியிருக்கிறார்கள் என்று இங்கே இருக்காதே அக்கா என்றாள். அதுவும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அவளுக்குத்தான் எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியவில்லை.

“மில்லு இல்லாத டவுனு ஏதும்மா?” என்று பழனியப்பன் அலுத்துக்கொண்டார். ஆனாலும் மனுசன் விடவில்லை. கரூரில் கேட்டார், கோயம்புத்தூரில் ஆள் விட்டுக் கேட்டார். வாரங்கள் ஓடின. ஒருநாள் தவமலர் கடையில் நிற்கும்போது போன் அடித்தது.

“கெடச்சிருச்சும்மா! ராஜபாளையம். எங்கூர்க்காரர் ஒருத்தர் போன வருசம் ஒரு கல்யாணத்துல அவங்களப் பாத்து விலாசம் வாங்கி வச்சிருந்தாராம். போன் நம்பர் தெரியல, வீட்டு விலாசம் இருக்கு. அந்த வீட்டுக்கு ஒங்க விலாசத்த எழுதிப் போட்டுட்டேன்.”

அன்றைக்குக் கடையில் யாருக்கு என்ன கேக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தேயிலைப் பாக்கெட்டுகளாக வாங்கிக் குவித்தாள். “அக்காவுக்கு வேற என்னா வாங்குறது அத்தை? புடிக்கும் புடிக்காதுன்னு ஒண்ணும் தெரியலியே,” என்றாள். அத்தையும் சிரித்தாள். அவளுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ராஜபாளையத்திலிருந்து உறை வந்தது. ஆபீசில் வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தவள், பொறுக்க முடியாமல் வாசற்படியில் நின்றே பிரித்தாள்.

கருமாதிப் பத்திரிகை.

அஞ்சலை அம்மாள் இறைவனடி சேர்ந்தார் என்று அச்சடித்திருந்தது. தேதியைப் பார்த்தாள். பழனியப்பன் கரூரிலும் கோயம்புத்தூரிலும் அலைந்துகொண்டிருந்த வாரங்கள். அத்தை கிழித்துப் போட்ட அந்த விலாசம் கையில் இருந்திருந்தால் அப்போதே போய்ப் பார்த்திருக்கலாம். கீழே உறவுக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அதற்கும் கீழே, ‘தங்கை: தவமலர், மலேசியா.’

பழனியப்பன் அவர்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அச்சடித்த பத்திரிகை அது. தவமலர் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா சொல்லிச் சொல்லி வைத்திருந்தால்தான் அந்தப் பெயர் அங்கே வரும்.

“என்னா கடிதாசிடி?” என்று உள்ளிருந்து அத்தை கேட்டாள்.

“அக்கா செத்துப்போச்சு அத்தை.”

அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அழுகையோடு அழுகையாக, வாய்ப் பழக்கத்தில், “உள்ள கொண்டாராத. அங்கயே கிழிச்சுப் போட்டுட்டுத் தலைக்கு ஊத்திட்டு வா,” என்றாள்.

தவமலர் அப்படியே நின்றாள். உள்ளே போக முடியவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை.

“கிழிச்சிட்டியா?”

“இதுல என் பேரு இருக்கு அத்தை.”

சுவரைப் பிடித்துப் பிடித்துக்கொண்டு அத்தை வெளியே வந்தாள். படியில் தவமலரையும் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“எங்க, காட்டு.”

தவமலர் அவள் விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தாள். அத்தை விரலை எடுக்கவில்லை. தூறல் போடத் தொடங்கியது. பத்திரிகை நனையாமல் இருவரும் குனிந்துகொண்டார்கள். யாரும் உள்ளே போகவில்லை.