மூணு மணிக் கூட்டம்

மாவுப் பீப்பாயின் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. தாராவியின் அந்தச் சந்தில் இன்னும் விடிந்தபாடில்லை. ஆறுமுகத்தாய் ஈரத்துணியைத் தட்டில் விரித்து, குழி குழியாக மாவை ஊற்றிக்கொண்டே போனாள். கொப்பரை மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி முழங்கை வரை ஏறிச் சுட்டது. சுடுகிறது என்று கையை இழுத்துக்கொண்டால் அடுத்த தட்டு குழைந்துபோகும். வாசலில் சைக்கிள்காரர்கள் அலுமினியத் தூக்குகளோடு வரிசையில் நின்றார்கள். பொறுமை போன ஒருவன் ஹாரனை அமுக்கினான். பம்பாய் பல் துலக்கி முடிப்பதற்குள் அதற்கான இட்லி வெந்தாக வேண்டும்.

அவள் புருஷன் பிச்சையா சாயாவோடு வந்து நின்றார். அவளுடைய கை வேலையாக இருந்ததால் கிளாஸை அவரே அவள் வாயருகே கொண்டுபோனார்.

"ஏட்டி, இன்னைக்கு எப்படியும் கூட்டத்துக்குப் போயிருவேன்."

"வருசா வருசம் இதைத்தான் சொல்லுதிய. இட்லி எடுத்து வச்சிருக்கேன், மறக்காம டப்பாவைத் தூக்கிட்டுப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கட்சிக்காரர் என்றால் கூட்டத்துக்குக் கூட்டம் போய் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் கட்சியில் சேர்ந்தவர், சந்தா பாக்கி வைக்காதவர், மழையில் நனைந்து சுவரொட்டி ஒட்டியவர். மைதானத்தில் நடக்கும் பெரிய கூட்டத்துக்கு மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. அது எப்போதும் வேலைநாளில் மூணு மணிக்குத்தான் நடக்கும். போலீஸ் அனுமதி கிடைப்பது அந்த நேரத்துக்குத்தான், டிவிக்காரர்கள் வருவதும் அந்த நேரத்துக்குத்தான் என்பார் மாதுங்கா பிரம்மநாயகம். அவர்தான் வட்டாரச் செயலாளர். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷர். அவர் காலத்தில் ஊர்வலத்துக்குப் போக லீவு எழுதிக் கொடுத்தால் போதும். லீவு என்ற சொல்லே நுழையாத இடங்களும் இந்த ஊரில் உண்டு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தது புத்தியில் இருந்தது, கடிகாரத்துக்கு வரவில்லை.

பிச்சையாவுக்கு அப்படிப்பட்ட இடத்தில்தான் வேலை. ஜெயினுலாப்தீனுடைய தோல் பை கார்கானாவில், தோலை அச்சில் வைத்து வெட்டும் பிரஸ் மிஷின் அவருடையது. கார்கானாவுக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகிற பரண்தான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வீடு. அந்தச் சந்து முழுவதையும் இடித்துப் பெரிய கட்டடம் கட்டப்போகிறார்களாம். கீழ்த்தளத்துக்காரர்களுக்குப் புது வீடு, பரணில் இருப்பவர்கள் கணக்கிலேயே இல்லையாம். பரணில் இருப்பவர்கள் யார்? கீழே வேலை செய்கிறவர்கள். அவர்களையும் கணக்கில் சேர் என்று கேட்கத்தான் அன்றைய கூட்டம். மற்ற கூட்டங்களைத் தவறவிட்டதுபோல் இதையும் தவறவிட பிச்சையாவுக்கு மனசில்லை.

பிரஸ் மிஷின் பக்கத்தில் தையல் மிஷினில் இருந்த வாசிம் பின்னால் சொன்னதை வைத்துத்தான் அன்று நடந்தது ஆறுமுகத்தாய்க்குத் தெரியும். காலையிலேயே பிச்சையா முதலாளியிடம் கேட்டிருக்கிறார். போக வேண்டாமென்று முதலாளி சொல்லவில்லை. சாயங்காலம் லாரி வரும், சரக்கை முடித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போ என்றிருக்கிறார். பிச்சையா சாப்பிட எழுந்திருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவும் எழுந்திருக்கவில்லை. கடைசித் தோலை வெட்டிப் போட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டே சயான் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்.

வண்டியில் நல்ல கூட்டம். உள்ளே போக முடியாமல் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அடுத்த வண்டியில் போயிருக்கலாம். போயிருந்தால் கூட்டம் பாதி முடிந்திருக்கும். தாதரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், லைன் ஓரத்துக் கம்பம் அவரைத் தட்டிக் கீழே போட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவளிடம் அவருடைய பையைக் கொடுத்தார்கள். டப்பாவில் இட்லி அப்படியே இருந்தது. அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு சிவப்புக் கொடி. எந்தக் காலத்தில் வாங்கி வைத்தாரோ, ஒருமுறைகூட விரிக்காத கொடி, மடித்த இடமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஆறுமுகத்தாய் டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்து பார்த்தாள். அழுகை வரவில்லை. பசியோடு போய்விட்டாரே, பசியோடு போய்விட்டாரே என்று அது ஒன்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே சுவரில் மாட்டியிருந்த டிவியில் மைதானத்தைக் காட்டினார்கள். நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. கட்டடக் கம்பெனிக்காரர் ஒருவர் சிரித்த முகமாகப் பேசினார். எதிர்ப்பு எங்கே இருக்கிறது, அந்தச் சந்துக்காரர்களே வரவில்லையே என்றார்.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் உடம்பு வீட்டுக்கு வந்து, உடனே புறப்பட்டது. அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. உழைத்துச் செத்த ஆளின் உடம்பு போகும்போது, இந்துவோ முஸ்லிமோ, இரண்டு பக்கக் கார்கானாக்களிலும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். முதலாளி, கூலியாள் என்ற பேதமில்லை. பிரஸ் நின்றது, தையல் மிஷின்கள் நின்றன, பிளாஸ்டிக் அரைக்கிற மிஷினும் நின்றது. ஜெயினுலாப்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கண்ணைத் துடைத்தார். பொய் அழுகையில்லை. குழாயடி வளைவு வரைக்கும் அந்த அமைதி. பாடை வளைவில் திரும்பி அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும், பாடையோடு நடந்த ஆறுமுகத்தாயின் முதுகுக்குப் பின்னால் மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. வழக்கமே அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவர் செத்துப்போனார் என்பது அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் பிரம்மநாயகம் பரணுக்கு ஏறி வந்தார். மூட்டு வலிக்காரர், ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். பிச்சையாவின் படத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. கட்சி அஞ்சலிக் கூட்டம் போடுகிறது, டில்லியிலிருந்து தலைவர் வருகிறார், அவருக்கு ஒழிந்தது புதன்கிழமை மூணு மணிதான், மைதானத்தில் இடம் கேட்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அய்யா, அந்தக் கூட்டத்துக்கு யாரு வருவா?" என்றாள் ஆறுமுகத்தாய். "அவரு கூட வேலை செஞ்சவுக ஒருத்தரும் வர முடியாது. அவரு சாவுக்கும் நாற்காலி காலியாக் கெடக்கணுமா?"

பிரம்மநாயகம் பிச்சையாவின் படத்தை மறுபடியும் பார்த்தார். பிறகு, "எப்போ வைக்கணும்னு நீங்களே சொல்லுங்கம்மா, அப்போ வைக்கிறேன்" என்றார்.

துக்கம் கேட்க வந்திருந்த வாசிமும் மற்ற சந்துக்காரர்களும் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தையல்காரர்களுக்கு அன்றுதான் கொள்ளை வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பின்னால் என்றால் தோல் கார்கானா சும்மா இருக்கும், பிளாஸ்டிக் கார்கானா ஓடும். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும், பெண்கள் அசைய முடியாது. இருட்டிய பிறகு இட்லிக்காரர்கள் மாவரைத்தாக வேண்டும். எல்லாருக்கும் ஒழிந்த நேரம் என்று ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். பல வருஷமாக நம் நேரம் என்று எதுவுமே இல்லாமல் வாழ்ந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஆறுமுகத்தாய்க்கு, பாடை போனபோது மிஷின்கள் நின்ற அந்த அமைதி ஞாபகம் வந்தது.

"மூணு மணிக்கே வைங்க அய்யா. மைதானத்துல வேண்டாம், இந்தச் சந்துல வைங்க. பதினாறாம் நாளு அவரு படத்தைக் கைவண்டியில வச்சு நான் கொண்டுவாரேன். அவருக்காக மிஷினு நிக்கும்லா? நின்னது நின்னபடி எல்லாரும் பின்னால வரட்டும். வளைவைத் தாண்டியும் வரட்டும்."

வாசிம் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நிக்கும்க்கா" என்றான்.

செய்தி ஜெயினுலாப்தீனுக்குப் போனது. மறுநாள் காலை அவரே கூப்பிட்டு அனுப்பினார். பிச்சையாவின் பிரஸ் மிஷினில் இன்னும் ஆள் போடவில்லை, அதன்மேல் துணி மூடியிருந்தது. ஆறுமுகத்தாய் அதன் பக்கத்தில் போய் நின்றாள். வாசிமும் மற்றவர்களும் மிஷினை விட்டு எழுந்து அவள் பின்னால் நின்றார்கள்.

"மையத்து போகும்போது நிறுத்துறது மரியாதை," என்றார் ஜெயினுலாப்தீன். "படம் போகும்போது நிறுத்துறது ஸ்ட்ரைக்கு. எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நினைக்காதிய."

"மரியாதைன்னே வச்சுக்கங்க, முதலாளி," என்றான் வாசிம். "அன்னைக்கு வளைவு வரைக்கும் குடுத்தோம். இப்போ கொஞ்சம் கூடக் குடுக்கோம்."

"வளைவைத் தாண்டுறவன் மறுநாள் இங்க வர வேண்டாம். எனக்கும் ஆர்டர் இருக்கு, எனக்கும் மேல ஆள் இருக்கான்."

ஆறுமுகத்தாய்தான் மெதுவாகச் சொன்னாள்:

"அவரு சோறு திங்காமத்தான் உங்க சரக்கை முடிச்சுக் குடுத்தாரு, முதலாளி. டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு."

ஜெயினுலாப்தீனின் பார்வை துணி மூடிய மிஷினுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. ஆனால் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப வாங்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. காலையில் வழக்கம்போல் இட்லி ஊற்றிவிட்டுத்தான் ஆறுமுகத்தாய் குளித்தாள். தோல் ஏற்றுகிற கைவண்டியில் வாசிம் அவருடைய படத்தைக் கட்டினான். பக்கத்தில் அந்தக் கொடி. எவ்வளவு இழுத்துக் கட்டியும் மடிப்பின் வெளுத்த கோடுகள் போகவில்லை.

மூணு மணிக்கு வண்டி நகர்ந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். ஜெயினுலாப்தீனின் கார்கானா முதலில் நின்றது. பிறகு எதிர்ப்பக்கம். வண்டி போகப்போக இரண்டு பக்கமும் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. எல்லாம் நின்றது என்று சொன்னால் பொய். உள்ளே இரண்டொரு மிஷின்கள் பயந்துகொண்டு ஓடத்தான் செய்தன. வாசல்களில் ஆட்கள் தோல்தூசியும் நூல்பிசிறுமாக நின்றார்கள். நின்றவர்கள் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

குழாயடி வளைவு வந்தது. வண்டி திரும்பியது. அவளுடைய கால் தானாக நின்றுவிட்டது. இப்போது கத்தும், இப்போது கத்தும் என்று முதுகு காத்திருந்தது. எங்கோ ஒரு தையல் மிஷின் கிர்ரென்று கிளம்பியது. கொஞ்சம் ஓடியது. பிறகு நின்றது. அதற்கப்புறம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஈரத் தரையில் நிறைய செருப்புகளின் சத்தம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும், ஆஸ்பத்திரியில் வராத அழுகை, சுடுகாட்டுக்குப் போனபோதும் வராத அழுகை, வந்துவிட்டது. இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள், அவர் ஒருவர்தான் இல்லை. அவள் யாருக்காகவும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வளைவுக்கு அப்பாலிருந்த வெட்டவெளியில் ஒரு பெஞ்சு, ஒரு மைக். டில்லித் தலைவர் வரவில்லை, அவருக்கு நேரம் தோதுப்படவில்லை. பிரம்மநாயகம் மைக்கைப் பிடித்தபடி பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாயிருச்சும்மா, ஆரம்பிக்கலாமா?"

ஆறுமுகத்தாய் சந்துப் பக்கம் பார்த்தாள். நாளைக்கு இவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. சந்து நிற்குமா என்றும் தெரியாது. தூரத்தில், கைத்தூசியைத் தட்டிக்கொண்டே இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வேகமாக ஓடிவந்தார்கள்.

"பொறுங்க, தோழர். வேலை முடிச்சு வாரவுக இன்னும் இருக்காவ," என்றாள். "காத்திருப்போம், யாரும் ஓடி வர வேண்டாம்னு மைக்குல சொல்லுங்க."