சய எண்ணூற்று மூன்று

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நிந்தவூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்து டியூசன் வகுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: “ரெண்டு பேருக்கும் ஒரே பிழை எப்பிடி வரும்?” பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை நானே கட்டினேன். ஆகவே எதையும் உடனே நம்பிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘உயர்தர மாணவி ஆகிலா கண்ணீரோடு வாங்குப் பலகையில்...’ சீ, வெட்டு. அழுதால் குற்றவாளி என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம். இரசாயனவியல் படிப்பிக்கும் ஸலாஹுதீன் சேர் கொடுத்த கணக்கு இது: மெதேன் எரியும் தாக்கத்தின் வெப்பவுள்ளுறை (என்தல்பி) மாற்றத்தை, நியம தோன்றல் வெப்பவுள்ளுறைகளை வைத்துக் காண்க. விளைவுகளைக் கூட்டி, அதிலிருந்து தாக்கிகளைக் கழிக்க வேண்டும். காபனீரொட்சைட்டு சய (அதாவது மைனஸ்) 394, நீர் சய 286 இரண்டு தடவை, மெதேன் சய 75, ஒட்சிசன் பூச்சியம். விடை சய 891 கிலோயூல்.

ஆகிலாவும் அதே வகுப்புப் பொடியன் அப்ராஸும் மட்டும் சய 803 எழுதியிருந்தார்கள். [நீரைத் திரவமாக எடுக்காமல் ஆவியாக எடுத்து, 286க்குப் பதில் 242 போட்டால் இது வரும். வகுப்பில் வேறு ஒருவரும் அப்படிப் போடவில்லை.]

3

இந்த வகுப்பில் பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் மறுபக்கம், நடுவில் சீலைத் திரை. பக்கத்து வாங்கைப் பார்த்தெழுதினால் ஏச்சோடு போகும். திரைக்கு அந்தப் பக்கத்துப் பிழை இந்தப் பக்கம் வந்தால் கதையே வேறு. ஆகிலாவின் வாப்பா அபுல் ஹஸனின் காதுக்கு எட்டினால் அவளுடைய படிப்பு அதோடு சரி.

எட்டிவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். (நான்தான். கதை நகர வேண்டுமே!)

“புள்ள, ஆரப் பாத்து எழுதின?” என்றார் சேர்.

“ஒருத்தரையும் பாக்கல்ல சேர். காஸ் அடுப்பு எரியக்குள்ள தண்ணியா சொட்டுது? ஆவிதானே போகுது. அதான் ஆவியப் போட்டன்.”

நியாயமான பிழைதான். 25 பாகையில் அளப்பதால் நீர் திரவம் என்பதை மறந்திருக்கிறாள், அவ்வளவே. சேர் விடவில்லை.

“அப்ப அப்ராஸுக்கும் உங்கட ஊட்டு அடுப்புத்தானா?”

திரைக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. எனக்கு அந்த மனிதர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

4

ஆனால் அப்ராஸை நானும் நம்பவில்லை. “எனக்கும் அப்பிடித்தான் விளங்கிச்சு சேர்” என்கிறான். கேட்டு முடிக்க முதலே சொல்கிறான். அவனுடைய போனில்... [இந்த வசனம் வேண்டாம். போனைத் திறந்தால் சேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?]

வெப்பவுள்ளுறை நல்ல சாமான். தொடக்கம் எது, முடிவு எது என்று மட்டும் பார்க்கும். எந்த வழியால் வந்தாய் என்று கேட்காது. ஊருக்கு அந்த வழி ஒன்றுதான் வேண்டும். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி சய 891 எழுதினார்களே, அவர்களில் ஒருவரையாவது ஆரைப் பார்த்து எழுதினாய் என்று சேர் கேட்டாரா?

5

முடிவு ஒன்று: சேர் வேறு கணக்குக் கொடுக்கிறார், இருவரும் சரியாகச் செய்கிறார்கள். அதனால் என்ன? பழைய சந்தேகம் அப்படியே கிடக்கும்.

முடிவு இரண்டு: இருவருக்கும் உண்மையிலேயே விருப்பம். எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர் ‘பாத்தீங்களா, சொன்னமே’ என்று

(விட்டேன்.)

6

அபுல் ஹஸன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். ஆகிலா வெளியே வருகிறாள்.

“வல்லாஹி வாப்பா, நான் ஆரோடயும் கதைக்கல்ல. படிப்ப மட்டும் நிப்பாட்டாதீங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார்.

“எழுதினது நீங்கதானே? உங்களுக்குத் தெரியாம இரிக்குமா? சொல்லுங்க, என்ட புள்ள அந்தப் பொடியனோட கதைச்சாவா?”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எழுதினவனே தெரியாது என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதான் அவர் நினைப்பார். அதனால் உங்களைக் காட்டிவிட்டேன். இவரும் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், இவரைக் கேளுங்கள் என்றேன்.

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறார். சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வருவதும் வராததும் உங்கள் வாயில் இருக்கிறது. எதைச் சொன்னாலும் உடனே சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் யோசித்தாலே போதும், அவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிடுவார்.