ஓடிபி சம்பந்திக்குத்தான் போகும்

கப்பல் திங்கட்கிழமை மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறது. மதுரையிலிருந்து விமானம் ஞாயிற்றுக்கிழமை. இன்சூரன்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பது செவ்வாய் இரவு வரை யாருக்கும் நினைவில் இல்லை. அன்றைக்குத்தான் பெனின் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்சூரன்ஸ் நகலைக் காட்டாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று தன் அப்பாவிடமும் மாமனாரிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

பெனினின் அப்பா பொன்னுராஜ், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருப்பவர். எதையும் மொத்தமாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. இரண்டு தம்பதிகள், நான்கு பேர், ஒரே பாலிசி என்று அவரே முடிவு செய்தார். புதன்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்திகளையும் வரவழைத்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஷானவாஸின் டிராவல்ஸில் உட்கார வைத்துவிட்டார்.

ஷானவாஸ் உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் ஆட்களை அனுப்பிப் பழகியவன். கப்பல் பயணத்துக்கு அவனிடம் இதுவரை யாரும் வந்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் இணையதளத்தில் கப்பலுக்கான இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது தளம் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து நான்கு பெயர், நான்கு பாஸ்போர்ட் எண். பிறகு கேள்விகள்.

“ஏற்கனவே நோய் ஏதும் இருக்கான்னு கேக்குதான். சுகர், பிரஷர், ஹார்ட், ஆஸ்துமா, வலிப்பு…”

“ஒண்ணும் கிடையாது. எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு” என்றார் பொன்னுராஜ்.

“அண்ணாச்சி, நீங்க சுகர் மாத்திரை போடுறீகளே.”

“ஏலே, சுகர் ஒரு நோயா? ராஜபாளையத்துல பாதிப் பேருக்கு இருக்கு. போற நேரத்துல நோயப் பத்திப் பேசாத.”

“சாருக்கு?” என்று ஷானவாஸ் பெனினின் மாமனார் வேதசிரோமணியைப் பார்த்தான்.

“மச்சானுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காவ. அவிய ஒரு மாத்திரை போட்டு நான் பாத்தது கிடையாது” என்றார் பொன்னுராஜ்.

அவர் பார்த்தது கிடையாது என்பது உண்மை. வேதசிரோமணி கல்லூரி நாளிலிருந்தே காலையும் இரவும் வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர். பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை அங்கே ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். நான்கு வருடங்களுக்கு முன் மகள் செலினாவுக்குப் பெனினை வரன் பேசியபோது பெண் வீட்டாரிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் பரம்பரையையே விசாரித்துவிட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவர்களை அவர் மனைவி ஞானரத்தினம் பார்த்திருக்கிறாள். போன வருடம் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்து கணவருக்குத் தோள்பட்டை விலகியபோதும், சம்பந்தி வீட்டுக்குச் சொன்னது சோப்புத் தண்ணீர் வழுக்கிய கதை.

ஞானரத்தினம் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷானவாஸ் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’யை அழுத்தினான்.

திரும்பும் பேருந்தில் அவள் கேட்டாள். “பொய் சொன்னது தெரிஞ்சா நயா பைசா தர மாட்டான். கப்பல்ல விழுந்தீகன்னா நான் என்ன செய்வேன்?”

“விழ மாட்டேன்.”

“குளியலறையில மட்டும் சொல்லிட்டா விழுந்தீக?”

“நம்ம பிள்ள அந்த வீட்டுல இருக்கா. வாய மூடிட்டு வா” என்றார் வேதசிரோமணி. 

வீடு வந்ததும் அவள் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அப்பா விருப்பம்மா, என்னைய இடையில இழுக்காத” என்றாள் செலினா. வியாழக்கிழமை முழுதும் ஷானவாஸின் எண் வேறொருவருடன் பேசிக்கொண்டே இருந்தது. மாலையில் பொன்னுராஜிடமிருந்து வாட்ஸ்அப்பில் பாலிசி வந்தது, கூடவே கைகூப்பும் படம் மூன்று. நான்கு பெயர்களுக்கு நேராகவும் ‘நோய் எதுவும் இல்லை’ என்று அச்சாகியிருந்தது. வேதசிரோமணி அதைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்பதுபோலத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை, மதுரைத் தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் ராஜபாளையம் பேருந்தில் ஏறினாள். மாடிப்படி ஏறிப் பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பதாகக் கீழ்க்கடைக்காரர் சொன்னார். அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பாயைத் தேடி வருகிற ஆள் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள். படியிலேயே உட்கார்ந்தாள். ஏறுகிற இறங்குகிற ஒவ்வொருவருக்கும் முழங்காலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

ஷானவாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினான்.

“இதப் புதன்கிழமையே சொல்லியிருக்கலாமேக்கா.”

“யார் முன்னால சொல்லச் சொல்லுத?”

அவனுக்குப் புரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு விளக்கினான். உண்மையை எழுதினால் வலிப்புச் செலவை மட்டும் கம்பெனி ஏற்காது. உயிருக்கு ஆபத்து என்றால் ஓரளவு கொடுப்பான். மற்றபடி காய்ச்சலோ எலும்பு முறிவோ எல்லாவற்றுக்கும் கிடைக்கும். மறைத்தது தெரிந்தால் கொசு கடித்ததற்குக்கூடக் கிடைக்காது.

“அப்ப அவியளுக்கு மட்டும் தனியா ஒண்ணு போடு.”

“அதே பாஸ்போர்ட் நம்பரை இந்தக் கம்பெனியில ரெண்டாவது தடவ எடுக்காதுக்கா. வேற கம்பெனின்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பான், திங்கக்கிழமைதான் பதில் சொல்லுவான். பிளைட் ஏறிட்டா பொறவு எடுக்கவே முடியாது. இத ரத்து பண்ணிட்டு நாலு பேருக்கும் புதுசாப் போடணும். அது ஒண்ணுதான் வழி.”

“பண்ணு.”

“ரத்து பண்ண ஓடிபி வரும். அது பொன்னுராஜ் அண்ணாச்சி போனுக்குத்தான் போகும்.”

ஞானரத்தினம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “வேற ஏதோ தப்பு வந்துருச்சுன்னு சொல்லி வாங்க முடியாதா?”

“வாங்கிரலாம். புது பாலிசியும் அவரு போனுக்குத்தான் போகும். சார் பேருக்கு நேரா எழுதியிருக்கும். அவரு எழுத்துக் கூட்டியாவது வாசிச்சிருவாரு.”

மின்விசிறி சுழன்றது. அவள் வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறிப் போய்விடலாம். கப்பலில் ஒன்றும் நடக்காமலும் போகலாம்.

“கூப்பிடு” என்றாள்.

ஷானவாஸ் ஸ்பீக்கரில் போட்டான். தறிச் சத்தத்துக்கு நடுவில் பொன்னுராஜின் குரல் கத்தியது. “ஓடிபியா? ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீகன்னு பேங்க்ல தினமும் மெசேஜ் அனுப்புதான். நீ எதுக்குலே கேக்க?”

“பாலிசியில ஒரு திருத்தம் அண்ணாச்சி.”

“என்ன திருத்தம்? எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?”

ஷானவாஸ் அவளைப் பார்த்தான். அவள் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். “அண்ணன், நான்தான் ஞானரத்தினம். செத்த நேரம் இங்க வந்துட்டுப் போவீகளா?”

“தங்கச்சியா? நீங்க எப்ப வந்தீக? இருங்க, வாரேன்.”

ஸ்கூட்டரில் வந்தார். முடியிலும் மீசையிலும் பஞ்சுத் தூசி. படியேறிய மூச்சு அடங்குமுன், “என்ன தங்கச்சி, பேர தப்பா அடிச்சிட்டானா?” என்றார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முதல் வாக்கியம் தன் கணவருக்கு வலிப்பு உண்டு என்பது. இரண்டாவது, போன வருடம் வழுக்கி விழவில்லை என்பது.

பொன்னுராஜ் நின்றபடியே இருந்தார்.

“செலினாவுக்கு?”

“கிடையாது.”

“பெனினுக்குத் தெரியுமா?”

“கல்யாணமான மாசமே அவகிட்டருந்து தெரியும்.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது” என்றார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருடைய தொலைபேசிக்கு வந்திருந்த முதல் ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டதென்று கணினி சொன்னது. ஷானவாஸ் அதைச் சொல்லத் துணியவில்லை.

“நாங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இவனையும் கூட்டிட்டு வந்திருக்கணும். வரிசையாக் கேட்டிருப்பான்.”

“கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம் அண்ணன்” என்றாள் ஞானரத்தினம். “சொல்லியிருப்போம்னு இப்ப வந்து பொய் சொல்ல மாட்டேன்.”

பொன்னுராஜ் மீசையில் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தார். பிறகு ஷானவாஸிடம், “அனுப்பு” என்றார்.

இரண்டாவது ஓடிபி வருவதற்குள் தளம் நின்றது. மூன்றாவது வந்தது. கண்ணாடி இல்லாமல் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். மறுபடி நான்கு பெயர், நான்கு பாஸ்போர்ட் எண். மறுபடி கேள்விகள்.

“அண்ணாச்சி, உங்களுக்கு…”

“சுகர்னு போடு.”

“பிரஷர்?”

“அதையும் போடு.”

பணம் கூடிற்று. அவரே கட்டினார். அவள் பர்ஸைத் திறந்தபோது கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். போகும்போது தங்கச்சி என்றும் சொல்லவில்லை, வாரேன் என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் மட்டும் மேலே கேட்டது.

அவள் வீட்டுக்கு வந்தபோது வேதசிரோமணி சாப்பாட்டு மேசையில் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு விட்டமின் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் பார்த்தால் விட்டமின் என்று சொல்லிக்கொள்ளலாம். வெறும் அட்டைகள் குப்பைக் கூடையில் கிடந்தன.

“அதுக்கு அவசியமில்ல” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஜாக்கெட் எங்க?”

“ராஜபாளையம் போனேன். சொல்லிட்டேன்.”

“யார்ட்ட?”

“உங்க மச்சான்ட்ட.”

அவர் புட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி மூடினார். “ஏட்டி, என் நோயச் சொல்ல நீ யாரு?”

“விழுந்தா தூக்குறவ.”

அவர் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறதா, வலிப்பு வருகிறதா என்று அவள் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வைத்தாள். அது அவருக்கு இன்னும் கோபமூட்டியது. “எட்டப் போ. நான் வரல. நீயும் உன் இன்சூரன்ஸும் போய்க் கப்பல்ல உக்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவருடைய தொலைபேசி அடித்தது. மேசையில் இருந்த அதில் பொன்னுராஜின் பெயர் அவளுக்குத் தெரிந்தது. முழுதும் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது வெளியே வந்து எடுத்தார். பொன்னுராஜ் எப்போதும் கத்தித்தான் பேசுவார். நடுவீடு வரை கேட்டது.

“ஞாயித்துக்கிழமை வண்டி வரும். மதுரைக்குப் போற வழிதான, உங்க வாசல்ல நிக்கும். விடியுமுன்ன ரெடியா இருக்கணும்.”

“ம்.”

“பெனின் சொல்லுதான், மாத்திரைய அட்டையோட, சீட்டோட கொண்டு வரணுமாம். உதிரியாக் கொண்டாந்தா ஏர்போர்ட்ல கேள்வி கேப்பானாம்.”

“ம்.”

“எனக்குக் கோவம் இருக்கு. அது இருக்கட்டும். திரும்பி வந்து பேசிக்கிடுவோம்.”

இணைப்பு நின்றது. வேதசிரோமணி குப்பைக் கூடையைப் பார்த்தார். குனிந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துத் திருப்பினார். கிழிந்த வெள்ளித்தாளில் மருந்தின் பெயர் பாதிதான் மிஞ்சியிருந்தது.

அவர் மாத்திரையை எப்போதும் கிருஷ்ணன்கோவிலில் போய் வாங்குவார். கல்லூரிப் பையன்கள் கூட்டமாக நிற்கும் கடை. யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். சொந்தத் தெருவின் மெடிக்கல்லில் தலைவலித் தைலத்தைத் தவிர எதுவும் வாங்கியதில்லை.

“இப்ப கிருஷ்ணன்கோவில் போய் வர நேரமாயிரும்” என்றாள் ஞானரத்தினம்.

பதில் சொல்லாமல் சட்டையை மாட்டினார். டாக்டர் சீட்டை பைபிளுக்குள்ளிருந்து எடுத்தார். அவள் செருப்பைத் தேடுவதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். அவள் கொஞ்சம் தள்ளியே பின்னால் நடந்தாள்.

மெடிக்கல்லில் மூன்று பேர் நின்றார்கள். மூவரும் தெருக்காரர்கள்தான். அவர்கள் போகும்வரை நிற்பார் என்று நினைத்தாள். அவர் நிற்கவில்லை, சீட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கடைக்காரர் பாண்டிதுரை வாசித்து, அலமாரியில் தேடி, கீழ் டிராயரில் தேடி, கணினியிலும் பார்த்தார்.

“இந்த மாத்திரை இங்க யாரும் வாங்குறதில்ல சார், வைக்கவே இல்ல. கிருஷ்ணன்கோவில்ல கிடைக்கும்.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு வரவழைக்க முடியுமா?”

“காலையில வந்துரும். யாருக்கு சார்?”

“எனக்குத்தான்” என்றார் வேதசிரோமணி.