பச்சைத் தையல்

அந்தப் பட்டறைப் பைகளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பெயரையும் சின்னத்தையும் முறையாகப் பதிவு செய்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆனால் வருகிறவர்களில் ஒருத்தராவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமே! "பச்சைத் தையல் போட்ட பை குடுங்க" என்பார்கள். தோள் வார் பையோடு சேரும் இடத்தில் கட்டம் கட்டி, நடுவில் பெருக்கல் குறி போட்டு அக்கா தைக்கும் பச்சை நூல்தான் பன்னிரண்டு வருஷமாக அடையாளம். அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் தோன்றவில்லை.

பின்தெருவில் பைக்கடை வைத்திருந்தவனுக்கு அது வசதியாகப் போயிற்று. வேறு பெயரில், வார் சேரும் அதே இடத்தில், அதே பச்சைத் தையலோடு பைகளை இறக்கினான். இரண்டே மாதத்தில் வார் பிய்ந்தது. பிய்ந்த பைகளெல்லாம் அக்காவிடம் வந்தன. கிழிந்த பையை இலவசமாகத் தைத்துத் தருவது அவள் வழக்கம். இதையும் தைத்துத் தந்தாள். எது கிழிந்தது, எங்கே வாங்கியது என்று வந்தவரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிக்கு வயிறு எரிந்தது. "அவன் நம்ம வயித்துல அடிக்கிறான், நீ அவன் பையத் தெச்சுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கே!"

"கத்தாதடா, தையல் கோணுது."

வருஷா வருஷம் மொத்தமாக வாங்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் போன் வந்தது. உங்கள் பை முன்போல் இல்லையாமே, இந்த முறை வேறு இடம் பார்க்கிறோம் என்றார்கள். அது போனால் பாதி மெஷினை மூடி வைக்க வேண்டியதுதான். தம்பி அக்காவை வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினான்.

"பேருக்குப் பதிவு இருக்கு. ஆனா அவன் பேரத் தொடலையே" என்றார் வக்கீலம்மா. "தையலுக்குப் பதிவு இல்ல. அதுக்காக விட்டுட வேண்டாம். தையலப் பாத்தா ஜனங்க உங்க பைன்னு நம்பணும், அப்படி நம்பி அவன்கிட்ட ஏமாந்திருக்கணும், அதால உங்க பேரு கெட்டிருக்கணும். இத்தனையும் காட்ட முடியுமா?"

"நாங்க ஒரு விளம்பரம்கூடக் குடுத்ததில்லையே" என்றான் தம்பி. அக்கா தன் தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

வக்கீலம்மா வாய்விட்டுப் படித்தார். "'பச்சைத் தையலை நம்பித்தான் பின்தெருவில் வாங்கினேன். நீங்களா இப்படி?'" எண்பத்து மூன்று பேர் எண்பத்து மூன்று கையெழுத்தில் அதையேதான் சொல்லியிருந்தார்கள். "இத வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க?" என்று வக்கீலம்மா நிமிர்ந்தார்.

வழக்கு முடியும்வரை பின்தெருக்காரன் அந்தத் தையலைப் போடக் கூடாது என்று கோர்ட் தடை விதித்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தையலைப் பதிவு செய்யவும் அன்றே மனு போட்டார் வக்கீலம்மா. இந்த அக்காவுக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று தம்பிக்குத் தோன்றியது.

கோர்ட் படியில் இறங்கும்போது கேட்டான். "இப்படி ஒருநாள் உதவும்னு தெரிஞ்சுதானே எழுதி வாங்கினே?"

"கோர்ட்டெல்லாம் யாரு கண்டா? எந்த இடம் பிய்யுதுன்னு தெரிஞ்சாத்தானே நம்ம பையில அந்த இடத்தக் கெட்டியாத் தைக்கலாம்."

"அவன் பையப் பாத்துமா?"

"அவன் பையிலதான்டா நெறையக் கத்துக்கிட்டேன்."