வீடு என்று நினைத்த மெஷின்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அதனால்தான் அத்தான் நடத்தும் விளையாட்டுக் கூடத்தில் மெக்கானிக்காக இருக்கிறேன். அங்கே பதினான்கு மெஷின்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் என் அக்கா. நடுவில் நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேரையும் குறை சொல்வது அவள் வீட்டுக்காரரான அத்தானின் வேலை.

திங்கட்கிழமை காலை, மூலையிலிருந்த விமானச் சண்டை மெஷின் படுத்துவிட்டது. திரை முழுக்க வரிவரியாகக் கோடு. அத்தானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை ஒருவர் வண்டியோடு வந்து அதை எடுத்துப்போவதாகப் பேச்சு. அந்த இடத்தில் பொம்மை தூக்கும் மெஷின் வரப்போகிறது. ஓடுகிற நிலைமையில் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பது இவர், வதைபடுவது நான்.

 அக்காவின் மனசு எனக்குத் தெரியும். அந்த மெஷினில் ஏழு கட்டங்கள். டோக்கன் போட்டுப் போட்டுத் தொடர்ந்தால் ஆறோடு ஆட்டம் முடிந்துவிடும். ஒரே டோக்கனில், ஒரு தடவைகூடச் சாகாமல் ஆறையும் தாண்டினால்தான் ஏழாவது திறக்கும். பதினோரு வருஷமாக அவள் அரைக்கிணறு தாண்டிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் வலது மணிக்கட்டில் ஆபரேஷன். அதற்குப் பிறகு நாலு நிமிஷம் சுடும் பட்டனைத் தட்டினால் விரல்கள் மரத்துப்போகும். பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தால்தான் உயிர் வரும். முழு ஆட்டமோ அரை மணி நேரம்.

ஏழாவது கட்டத்தை யாராவது விளையாடிய வீடியோ கிடைக்கும், பார்த்துக்கொள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று திருப்பிக் கேட்டாள். அந்த மெஷின் வெளியே போனால் அவளுடைய ஏழாவது கட்டமும் அதோடு போய்விடும்.

மெஷினின் முதுகைத் திறந்து, சிப்புகள் பதித்த போர்டை வெளியே எடுத்தேன். தூசியைத் துடைத்துவிட்டுப் பெரிய சிப்பின் மேல் இருந்த எண்ணைப் படித்தேன். எங்கேயோ பார்த்த எண். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினேன். என் கட்டிலுக்கு அடியில், டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டி ஒன்று கிடந்தது. கழற்றினால் அதே எண், அதே சிப். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆள் உயர மெஷின், இரும்புக் கதவு, பூட்டு என்று அத்தனை ஆர்ப்பாட்டமும் செய்துவிட்டு, உள்ளே வைத்திருப்பது கட்டிலுக்கடிப் பெட்டியின் குடலை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு போர்டுகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சிப்பாக ஒப்பிட்டேன். கூடத்து போர்டில் நினைவகம் மட்டும் இரண்டு மடங்கு. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து மற்றவற்றை எழுப்புகிற தொடக்கச் சிப்பும் வேறு. மீதியெல்லாம் ஒரு தாய் மக்கள். செத்த போர்டிலிருந்து நினைவகச் சிப்புகளைப் பிடுங்கி, வீட்டு போர்டின் சிப்புகள் முதுகில் உப்புமூட்டை ஏற்றி, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன். ஆட்டம் பதிந்திருக்கும் கேம் கார்டு அதில் பொருந்துவதற்கு அறுபது கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். புதன்கிழமை சாயந்திரம் அதை மெஷினுக்குள் மாட்டினேன், படம் வந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தட்டிய கை கீழே இறங்கவில்லை, சந்தேகம் வந்துவிட்டது. டோக்கன் போடாமலே ஆட்டம் தொடங்கியது. நடுவில் தெரியாமல் ஸ்டார்ட் பட்டனில் கை பட்டது. விமானம் அப்படியே நின்றது, குண்டு அந்தரத்தில் நின்றது, பாட்டும் நின்றுபோயிற்று. போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது.

கூடத்து மெஷினில் நிறுத்தி வைக்கிற வசதி கிடையாது. இருந்தால் பின்னால் நிற்பவன் என்ன செய்வான்? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று குடைந்தேன். அவசரத்தில் வீட்டுப் பெட்டியின் தொடக்கச் சிப்பை மாற்றாமலே விட்டிருக்கிறேன். இந்த ஆட்டம் எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சிப்பிடம், நான் இருப்பது வீடா கூடமா என்று கேட்கிறது. சிப் வீடு என்று சொல்லிவிட்டது. வீடென்றால் டோக்கன் எதற்கு? அடுப்பில் பால் பொங்கினால் நிறுத்திவிட்டுப் போகத்தானே வேண்டும்?

கூடத்துச் சிப்பை மாட்டப் பத்து நிமிஷம் போதும். கையில் எடுத்தும் விட்டேன். அப்போது கண்ணாடிக்குப் பின்னால் அக்கா விரல்களை நீவிக்கொண்டிருந்தது தெரிந்தது. சிப்பைப் பைக்குள் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் எரிந்து விழுந்தாள்.

"நிறுத்தி நிறுத்தி விளையாடறதா? அது கள்ளாட்டம்டி."

"நீ எங்கே ஏமாத்தறே? வீட்டுல இருக்கோம்னு மெஷினே நினைச்சுக்கிட்டு இருக்கு. வீட்டு ஆட்டத்தை வீட்டு முறைப்படி ஆடு."

ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல. வியாழக்கிழமை மதியம், கூடத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டாள். நாலு நிமிஷம் ஆட்டம், ஸ்டார்ட், பத்து நிமிஷம் வெந்நீரில் கை. மறுபடி ஆட்டம். பதினோரு வருஷப் பழக்கம் எங்கேயும் போகவில்லை. எந்தக் குண்டு எங்கிருந்து வரும் என்று அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவது கட்டம் முடிந்தபோது எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது.

ஆறாவதின் பாதியில் படம் பச்சையாகத் துடித்தது. நான் பின்பக்கம் ஓடினேன். அறுபது கம்பிகளில் ஒன்று விட்டுக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தால் சரியாகிறது, எடுத்தால் துடிக்கிறது. ஓடும்போது சால்டர் வைத்தால் மொத்தமும் போய்விடும். பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அத்தானின் குரல். வாங்குகிறவர் ஒருநாள் முன்னாலேயே வண்டியோடு வந்துவிட்டாராம், மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"பிளக்குல கை வச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தானிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். சத்தம் அடங்கியது. ஆட்டத்தில் பெரிதாக ஏதோ வெடித்தது. பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒரு பாட்டு ஆரம்பித்தது.

"திறந்துடுச்சு," என்றாள் அக்கா. உடனே, "ஐயோ, ஸ்டார்ட் வேலை செய்யலை. கை மரத்துப்போச்சு."

கடைசிக் கட்டத்தில் நிறுத்தம் கிடையாது என்று அந்த ஆட்டத்தை எழுதிய புண்ணியவான் முடிவு செய்திருக்கிறான். நான் எழுந்தால் படம் போய்விடும். 

"அத்தான், சுடற பட்டனை நீங்க தட்டுங்க!" என்று மெஷினின் முதுகிலிருந்து கத்தினேன்.

வாழ்க்கையில் ஒரு மெஷினையும் தொட்டு விளையாடாத மனுஷர். முதலில் ஒரு தட்டு, அப்புறம் இரண்டு, அப்புறம் கதவைத் தட்டுவதுபோல் விடாமல் கேட்டது. இடது கையால் ஓட்டிக்கொண்டே அக்கா, இப்ப, இப்ப வேண்டாம், இப்ப என்று சொல்லச் சொல்ல அவர் தட்டினார். ஒன்றரை நிமிஷம் போயிருக்கும். மெஷினே அதிர ஒரு ஓசை எழும்பி அடங்கியது. ஆட்டத்தில் செத்துவிட்டார்கள். 

"என்னதான் இருந்துச்சு அங்கே?" என்று கேட்டேன்.  மெஷினை உயிர்ப்பித்தவள் நான், பார்க்காதவளும் நான் ஒருத்திதான். வாங்க வந்தவர்கூடப் பார்த்துவிட்டார்.

அக்கா பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. ஏட்டுச் சுரைக்காய் உனக்கு எதற்கு என்றாள். அத்தானைப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றும் தங்காத மனுஷர், அவரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அவர் வாங்க வந்தவரைத் தோளில் கைபோட்டு வாசல் பக்கம் அழைத்துப்போனார். இதற்குப் பதிலாகக் கார்ப் பந்தய மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், அது இதைவிட நல்லது, இரண்டு பேர் உட்காரலாம் என்று அளந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது ஆள்காட்டி விரலை நீவிக்கொண்டே என் பக்கத்தில் குந்தினார்.

"அந்தக் கம்பிக்கு ஒழுங்கா சால்டர் வை. அது பிடிக்கலைன்னா கம்பியை நான் பிடிச்சுக்கறேன். நாளைக்கு நீ முன்னாடி நில்லு."