மடித்துப் பார்க்காத படுதா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் எழுதிய நாலு வரியிலிருந்து வந்தது.

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் கூடாரம், முதுகுப் பை, மழைக்கோட்டு விற்கிற கடையில் எனக்கு வேலை. வாங்கிப் போனவர்கள் சாமான் எப்படி இருந்தது என்று எழுதி அனுப்புவார்கள். அதைப் படித்துப் பதில் போடுவது என் வேலையில் பாதி. ஜிப் சிக்கியது, கம்பி வளைந்தது, அடுப்பு அணைந்தது. போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்: ‘நாலு பேருக்கான கூடாரம் என்று போட்டிருக்கிறது. மூன்று பேர்தான் படுக்க முடிந்தது. நாலாவது ஆள் காரில் தூங்கினார். மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நன்றி.’

குறையையும் சொல்லி நன்றியையும் சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் வரவில்லை. அப்துல் கய்யூம் என்கிற கூடாரத் தையல்காரர் மனதுக்குள் வந்தார்.

[ஊரில் இதைப் படிக்கிற வீட்டார் பயப்பட வேண்டாம், வேலை போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் பேசுகிறேன். நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது. பாதியில் விட்ட வாக்கியத்தையும் விடாமல் எழுதிவைக்கிறது. அதை அழிக்காமலே அனுப்புகிறேன்.]

2

முதல் தொடக்கம்: ‘1943. மலாக்காவில் அன்று விடாத மழை. ஜப்பான்காரர்களின் கொடி நனைந்து தொங்க—’

வேண்டாம். மழைப் படுதா தைக்கிற ஒருவரின் கதையை மழையில் தொடங்கினால் ஒழுகுமா ஒழுகாதா என்பதைத் தவிர வேறெதையும் நீங்கள் கவனிக்க மாட்டீர்கள்.

இரண்டாவது: ‘காஜா பெராங்கில் அப்துல் கய்யூமைப் போல நல்ல மனிதர்—’

இதுவும் வேண்டாம். அவர் நல்லவர் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மூன்றாவது: ‘காப்பி இல்லை’ என்றார் அப்துல் கய்யூம்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

“காப்பி இல்ல” என்றார் அப்துல் கய்யூம்.

“ஏன் பாய்?” என்றான் சுப்பையன்.

“நீ குறை ஒண்ணும் சொல்லலியே.”

கய்யூமின் கடையில் அதுதான் வழக்கம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் துரைமாருக்கும் நில அளவைக்காரர்களுக்கும் கூடாரம் தைத்துக் கொடுத்தவர். வாங்கிப் போனவர் திரும்பி வந்தால், சாமானில் என்ன குறை என்று சொல்லாமல் அடுத்த வேலையை எடுக்க மாட்டார். குறை சொன்னவருக்கு மனைவி ரஹீமாவின் கையால் காப்பி. ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்றவருக்கு ஒன்றுமில்லை. இப்போது நல்ல காப்பித்தூள் ஏது, சீனி ஏது? கருக வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். வழக்கம் மட்டும் மாறவில்லை.

சுப்பையன் மரவள்ளித் தோட்டத்துக்குக் காவல் இருப்பவன். காட்டுப்பன்றி வராமல் பார்க்க வெட்டவெளியிலேயே படுத்துக் கிடப்பான். கய்யூம் தைத்த படுதாதான் அவனுக்குக் கூரை.

அவன் யோசித்தான். “மூலைக் கயிறு குட்டை பாய். கட்டுறதுக்கு மரத்தை நான்தான் கிட்ட இழுத்துட்டு வரணும்.”

“ரஹீமா, ஒரு காப்பி.”

குடித்து முகத்தைச் சுளித்தான். “இந்தக் காப்பிக்கும் ஒரு குறை சொன்னா இன்னொண்ணு வருமா பாயம்மா?”

“வரும். அதையும் இதே சட்டியிலேருந்துதான் ஊத்துவேன்” என்றாள் ரஹீமா உள்ளிருந்து.

இந்தப் பேச்சு முடியும் வரை கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் அஞ்சலை.

4

அஞ்சலையின் புருஷன் பொன்னுதுரை, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனதும் தோட்டத்தில் வேலை நின்றது. ஜப்பான்காரர்களின் வேலைக்கு ஆள் பிடிக்கப் பெயர் எழுதுகிறவர்கள் வந்தார்கள்.

“சயாமுக்கு எழுதிட்டாங்க பாய். ரயில் பாதை போடுற வேலையாம். வெள்ளிக்கிழமை காலையில லோரி. மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றது?”

“எழுதுறவங்கதான்.”

கய்யூம் ஊசியைக் கீழே வைத்தார்.

“அங்க காடாம். மழையாம். போட்டுக்க ஒரு சட்டைதான் இருக்கு அதுக்கு. மேல மூட ஒரு படுதா தச்சுக் குடுங்க. ரெண்டு மூட்டை கிழங்கு தாறேன்.”

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கய்யூம் எதற்காக எல்லாரிடமும் குறை கேட்கிறார்? பணிவு என்று முதலில் எழுதினேன். பொய். பயம். தான் தைத்தது எங்கோ ஒரு காட்டில் யாரையோ நனைத்துவிட்டது என்பது தெருவுக்கெல்லாம் தெரிந்து, கடைசியாகத் தன் காதுக்கு வந்துவிடுமோ என்கிற பயம். அதனால் முந்திக்கொள்கிறார். இந்தப் பயத்துக்கு நான் யாரிடமும் போய் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.]

வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது. கித்தான் கிடையாது; ஆற்றோரம் கிழிந்து கிடந்த பாய்மரத் துணி கிடைத்தது. நூல் கிடையாது, அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்து ரஹீமா திரித்துக் கொடுத்தாள். தார் கிடையாது, ஆனால் ரப்பர் பால் வேண்டிய மட்டும் கிடைத்தது. துணியின் மேல் பாலை மூன்று பூச்சு பூசி, அடுப்புப் புகையில் தொங்கவிட்டார். ஏழெட்டு நாள் தொங்க வேண்டும். மூன்று நாள்தான் தொங்கியது. அதே பாலில் சுப்பையனின் படுதாவுக்கும் ஒரு பூச்சு கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை அந்தத் துணியை நாலு மூலையும் கட்டித் தொட்டிலாக்கி, ஆறு வாளி தண்ணீர் ஊற்றினார். அடியில் சாம்பலைத் தூவி வைத்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தார். மாலை அஸர் தொழுகை முடிந்து வந்தும் பார்த்தார். சாம்பலில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. அப்படி ஒரு படுதாவை சண்டைக்கு முன்னாலும் தான் தைத்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. காயவைத்து, இறுக்கி மடித்து, மேலும் இறுக்கிக் கட்டி அஞ்சலையிடம் கொடுத்தார்.

அந்த இறுக்கலில்தான் தவறு இருந்தது. நான் கதையின் உள்ளே கையை விட்டுக் கட்டைத் தளர்த்தியிருக்கலாம். விடவில்லை.

5

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுப்பையன் வந்தான். கையில் ஒரு கட்டை மாதிரி எதையோ வைத்திருந்தான்.

“பாய், இன்னிக்கு ரெண்டு காப்பி போடச் சொல்லுங்க. குறை அவ்ளோ பெரிசு.”

அது அவனுடைய படுதா. மடித்தது மடித்தபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கய்யூம் ஒரு மடிப்பைப் பிடித்து இழுத்தார். பூச்சு தோலாக உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

“நேத்து வெயில்ல வச்சிருந்தேன். விரிக்கப் போனா விரியல. ராத்திரி பன்னி தோட்டத்துக்குள்ள, நான் மழையில வெளிய.”

கய்யூம் அவன் சொன்னதைக் கேட்கவே இல்லை. தண்ணீர் நிறுத்திப் பார்த்தேனே, மடித்துப் பார்க்கவில்லையே என்பதுதான் அவருக்குள் ஓடியது. புகை போதாத பால் வெயிலில் பசையாகிவிடும். பொன்னுதுரை லோரியில் நாள் கணக்கில் போவான். சயாமில் முதல் மழையில் படுதாவை எடுப்பான். அது ஒரு கட்டையாக இருக்கும்.

“ரஹீமா, பால் பூசின துணி ஒட்டாம இருக்க என்ன செய்யுறது?”

அவள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு சுப்பையனின் கையில் இருந்ததைப் பார்த்தாள். “ரொட்டி தட்டுறப்ப மாவு ஒட்டாம இருக்க நான் என்ன செய்யுறேன்?”

பெருநாளைக்கென்று ஒரு பானை மரவள்ளி மாவு சேர்த்து வைத்திருந்தாள். வீட்டில் அதைத் தவிர மாவு இல்லை. பானையோடு எடுத்துக்கொண்டு, கய்யூம் ஓட்டிய சைக்கிளின் பின்னால் ஏறினாள். டயருக்குப் பதில் தண்ணீர்க் குழாயைச் சுற்றிய சைக்கிள் அது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவிலையும் பள்ளிவாசலையும் கடகடவென்று தாண்டி, லோரி கிளம்புகிற பண்டார் ஹிலிர் பாடாங் மைதானத்தைப் பார்க்கப் போனது.

6

அ) லோரி போய்விட்டது. பாடாங்கில் அஞ்சலை தனியாக நின்றாள். ரஹீமாவின் பானையில் மாவு—

[இவ்வளவையும் நேற்று வீட்டுக்கு அனுப்பினேன். என் லாத்தா, அதாவது அக்கா, உடனே குரலில் பதில் அனுப்பினாள்: “டேய், பெருநாள் மாவைத் தூக்கிட்டு வந்த பொம்பளைய வெறுங்கையோட திருப்பி அனுப்பாதே. எழுதுறது நீதானே? கொஞ்ச நேரம் அந்த லோரியைப் பிடிச்சு வையேன்.”]

ஆ) லோரி நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் இல்லாத காலம். கரியில் ஓடுகிற லோரி. அடுப்பு சூடேறி எஞ்சின் உறும அரை மணியாவது ஆகும். காவலுக்கு நின்றவன் கரிப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். [லாத்தா, நன்றி. கரி லோரி உண்மையிலேயே இருந்ததாம். எனக்குத் தோன்றாமல் போனது.]

“பிரிங்க, பிரிங்க” என்றார் கய்யூம்.

பொன்னுதுரை கட்டை அவிழ்த்தான். துணி ஒட்டத் தொடங்கியிருந்தது. அஞ்சலை ஒரு பக்கமும் ரஹீமா மறுபக்கமும் பிடித்து, காயத்துக் கட்டைப் பிரிக்கிற மாதிரி மெல்ல மெல்லப் பிரித்தார்கள். பிரியப் பிரியக் கய்யூம் மாவைத் தூவி உள்ளங்கையால் தேய்த்தார். பானை காலியானபோது படுதா முழுக்க வெள்ளையாகி இருந்தது. அவர்கள் நாலு பேரும்கூட வெள்ளைதான். ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்துவிட்டது.

அஞ்சலைக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “ரெண்டு தொழுகை நேரம் தண்ணி ஊத்திப் பாத்தீங்களே பாய். மடிச்சுப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்?”

“ஆகாதும்மா. எனக்குத் தோணல. என் தப்புதான்.”

“விடு புள்ள” என்றான் பொன்னுதுரை. “அந்த மூலையைக் காலுக்குப் போட்டுக்கிறேன். என் காலு நனையாத நாள் எது?” பிறகு கய்யூமைப் பார்த்தான். “இது குறை இல்ல பாய், இது முந்தியே தெரிஞ்சது. குறையைப் போயிட்டு வந்து சொல்றேன்.”

“சொல்லாம இருந்துடாதே” என்றார் கய்யூம்.

“காப்பியை நல்லதா போடச் சொல்லுங்க, வந்துடுறேன்” என்றான். லோரி உறுமியது. இந்த முறை தளர்வாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு ஏறினான்.

7

மூன்று மாதம் ஆனது. ஒரு வருஷம் ஆனது. இங்கே நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன். ‘அந்த வருஷங்களில் அஞ்சலை—’ என்று மூன்று தடவை தொடங்கினேன். அவள் கய்யூமின் கடைக்கே வேலைக்கு வந்தாள், ரஹீமாவோடு உட்கார்ந்து அன்னாசி நார் திரித்தாள் என்பதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. யாராவது குறை சொல்ல வந்தால் திரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்பாளாம். கய்யூம் அதன் பிறகு எந்தப் படுதாவையும் பத்து நாள் மடித்து வெயிலில் வைக்காமல் கொடுத்ததில்லை.

ஜப்பான்காரர்கள் போனார்கள். சயாமிலிருந்து ஒவ்வொருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போனவர்களின் தொகையோடு பார்த்தால் வந்தவர்கள் மிகவும் கொஞ்சம்.

ஒரு காலை, அஞ்சடியில் ஒருவர் வந்து நின்றார். முதுகுக்குப் பின்னால் வெயில்; முகம் தெரியவில்லை. ஆள் எலும்பாக இருந்தார். தோளில் மடித்த படுதா. அதன் மடிப்புகளில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

கய்யூமின் ஊசி நின்றுவிட்டது. பழக்கத்தில் கேட்டார்: “என்ன குறை?”

“ஒழுகல பாய்” என்றார் வந்தவர். காய்ச்சல் அடித்துப்போட்ட, யாருடையது என்று சொல்ல முடியாத குரல். “கால் பக்கம் மட்டும். அது முந்தியே தெரிஞ்சதுதானே. மடிச்சா ஒட்டவும் இல்ல. குறைன்னா ஒண்ணே ஒண்ணுதான்.”

“சொல்லுங்க.”

“ஒரு ஆளுக்குத் தச்சிருக்கீங்க. நாங்க நாலு பேர் படுத்தோம். பத்தல.”

8

நாலு பேரில் வந்து நிற்பது யார்? பொன்னுதுரையா, அவனோடு அந்தத் துணிக்கடியில் ஒடுங்கிக் கிடந்த மூன்று பேரில் ஒருவரா? முகத்தை நான் எழுதவில்லை. இரண்டு நாளாக முயன்றுவிட்டேன். அவன்தான் என்று எழுதினால், வராமல் போனவர்களின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அவன் இல்லை என்று எழுத லாத்தா விட மாட்டாள். அத்தாவும், அதாவது அப்பாவும், கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வாடிக்கையாளருக்கு இன்று பதில் போட்டுவிட்டேன். ‘குறையைச் சொன்னதற்கு நன்றி. அடுத்த முறை நாலாவது ஆளுக்கும் இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.’ கடையில் காப்பி கொடுக்கிற வழக்கம் இல்லை. இருந்தாலும் இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மிச்சம் உங்களுடையது. ரஹீமா தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டாள். நல்ல காப்பித்தூள் ஒரு பிடி, இதற்கென்றே வைத்திருந்தது. வந்தவர் யாரானாலும் குறை சொல்லியாகிவிட்டது, காப்பி உண்டு. அஞ்சலை மடியிலிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். வாசலுக்கு ஆறு அடி இருக்கிறது.

அவளை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.