முகம் தெளிவாய்த் தெரியும் படம்

தவச்செல்வனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் உரும்பிராயில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் சந்திரமதி. மாப்பிள்ளை சுவிஸில், பேர்ண் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவுகிறவன். இருவரும் நேரில் கண்டதில்லை. அவளுடைய படம் மட்டும் இவனிடம் வந்திருந்தது. அதை ஜெர்மன் இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்திருந்தான். அந்தப் புத்தகத்தை அவன் அதற்கு முன் இவ்வளவு ஆசையோடு திறந்ததே கிடையாது.

இவனும் ஒரு படம் அனுப்பியிருந்தான். அதில்தான் வில்லங்கம் தொடங்கியது. 1986இல், பேர்ணை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் அவன் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் ஆறு ஆண்களும் ஒரு கோட்டும் குடியிருந்தார்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய, மண்ணிறத்தில் கட்டம் போட்ட கோட்டு. ஊருக்குப் படம் அனுப்ப வேண்டியவன் அதை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரரின் சிவப்புக் காரில் தன் பாட்டன் சொத்துப் போலச் சாய்ந்து நிற்பான். மற்றவன் படம் எடுப்பான். சுவிஸ்காரர் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளைமாருக்கு நல்ல நாள். அப்படி நாலு பேர் நின்றார்கள், நாலு படமும் போயின. ஆனால் ஊர் என்பது எவ்வளவு சிறியது என்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் பத்மநாதன் எழுதிய பதில் ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. 'காரும் கோட்டும் எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். மாப்பிள்ளையின் முகம் தெளிவாய்த் தெரியும் படமாக ஒன்று அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். கனடாவிலிருந்தும் ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகவும், தீபாவளிக்குள் அவர்களுக்கு முடிவு சொல்ல வேண்டும் என்றும் சேர்த்திருந்தார். கடைசியில் ஒரு வரி: 'மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னாள். மாப்பிள்ளை கோபக்காரரோ?'

தவச்செல்வன் உடனே உட்கார்ந்து, 'கோபம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது' என்று எழுதினான். பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த அதே வீட்டுச் சிறிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மன்னார்ப் பெடியன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

"மச்சான், போன கிழமை நீ தீப்பெட்டியோடை சண்டை பிடிச்சனி."

சிறில் சொன்னது உண்மை. ஆனால் தவச்செல்வன் எழுதியதிலும் பாதி உண்மை இருந்தது. ஊரில் வீடு எரிந்தபோது அவன் கோபப்படவில்லை, கிடைத்த சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பனிக்காட்டுக்குள்ளால் எல்லை கடக்க வைத்த ஏஜென்சிக்காரன் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். அகதி விசாரணையில் ஒரே கேள்வியை எட்டுத் தரம் கேட்டார்கள், எட்டுத் தரமும் பொறுமையாகப் பதில் சொன்னான். மலையே விழுந்தாலும் அசைய மாட்டான். ஈரமான தீக்குச்சி, திறக்க மறுக்கும் பால் பெட்டி, சப்பாத்துக்குள் புகுந்த சின்னக் கல், இவை மூன்றும் ஒரே காலையில் வந்தால் போதும், ஆள் வேறு ஆள்.

தபாலை நம்ப முடியாத காலம். நல்ல வேளையாக மகேஸ்வரன் அண்ணை அந்தச் சனிக்கிழமை கொழும்புக்குப் போகிறார். அவர் அகதியாக வந்தவர் அல்ல. எழுபதுகளிலேயே படிக்க வந்து எஞ்சினியராகத் தங்கிவிட்டவர், போய் வர அவருக்குத் தடையில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பேர்ண் ஸ்ரேசனில் சூரிச் ரயில் ஏறுகிறார். அதற்குள் படம் அவர் கைக்குப் போக வேண்டும். ஸ்ரேசனில் படம் எடுக்கும் பெட்டி இருக்கிறது. இரண்டு மணிக்கு வேலை முடிகிறது. இரண்டு மணித்தியாலம் தாராளம் என்று தவச்செல்வன் கணக்குப் போட்டான். சந்திரமதிக்குத்தான் கணக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது என்பது அப்போதே வெளிச்சமாகியிருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றும்போது சமையலறை மேற்பார்வைக்கார அம்மா வந்து நின்றார். கழுவிய சட்டிகளின் கைப்பிடிகள் வலப்பக்கம் பார்க்கின்றன, இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்றார். சட்டிகள் அறுபதுக்குக் குறையாது. தவச்செல்வன் "யா, யா" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் சட்டிக்குள் வேகப்போவது அதே உருளைக்கிழங்குதானே என்று கேட்க அவனிடம் ஜெர்மன் இருக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில், சிறிலிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பொத்தான் கையோடு வந்தது. ரை கட்டப் பொத்தான் வேண்டும். ஒரு பூட்டூசி கிடைத்தது, பொத்தானுக்குப் பதில் அதைக் குத்திக்கொண்டான். பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினான். கதவில் கை வைக்கிற நேரத்தில் கதவு மூடியது. சாரதி கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பஸ்ஸை எடுத்தார். ஊரில் என்றால் ஆளை ஏற்றுவதற்காகவே பஸ் ஓடும். இங்கே நேரத்தை ஏற்றிக்கொண்டு ஆளை விட்டுவிட்டுப் போகிறது.

அடுத்த பஸ்ஸில் இறங்கியபோது தெருவில் சிவப்பு விளக்கு. இந்தப் பக்கமும் வாகனம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. குறுக்கே போனான். எதிர்ப்பக்கத்தில் நாய்க்குட்டியோடு நின்ற ஒரு கிழவர், நடைபாதையில் ஏறிய அவனை மறித்துச் சிவப்பு என்றால் என்ன பொருள் என்று விளக்கினார். நாய்கூட விளங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விளக்கம் முடிவதற்குள் பச்சை வந்து, போய், மறுபடி சிவப்பும் வந்துவிட்டது. இதற்கெல்லாம் தவச்செல்வன் தலையாட்டினான். ஒவ்வொரு தலையாட்டலும் உள்ளே ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

படப்பெட்டிக்குள் இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் இருந்தார்கள். திரைக்குக் கீழே நாலு கால்கள் ஆடின. ஒரு தரம் எடுத்து, சிரித்து, பிடிக்காமல் மறு தரமும் எடுத்தார்கள். படம் கழுவி வெளியே விழ ஒவ்வொரு தரமும் நாலு நிமிடம். இவன் உள்ளே போகும்போது நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

ஸ்டூலில் இருந்தால் கண்ணாடியில் நாடி மட்டும் தெரிந்தது. இறங்கி ஸ்டூலைச் சுற்றினான், இருந்தான், இப்போது நெற்றியைக் காணவில்லை. காசு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. பல்லைக் காட்டாதே, காட்டினால் சீதனம் கேட்கிறான் என்று நினைப்பார்கள் என்று சிறில் சொல்லி விட்டிருந்ததால், உதட்டை எப்படி வைப்பதென்று யோசித்தான். யோசிக்கும்போதே முதல் வெளிச்சம் அடித்தது. திடுக்கிட்டுத் தலையைக் குனிந்தான். கழுத்து ஊசி திறந்துகொண்டு நறுக்கென்று ஏறியது. அதே நேரம் திரை விலகியது. சுவிஸ் கிழவி ஒருத்தி தலையை நீட்டி, அவனுடைய பை வழியில் கிடக்கிறது, யாராவது தடக்கி விழக்கூடும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

இரண்டு மணி தொடக்கம் சேர்த்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் வந்தது.

"எல்லாத்துக்கும் ஓமெண்டு தலையாட்டினனான். சட்டியைத் திருப்பு எண்டியள், திருப்பினனான். நில் எண்டியள், நிண்டனான். ஒரு படம், ஒரேயொரு படம் எடுக்க விடுங்கோவன். நானும் மனுசன்தானே."

அவன் வாய் முழுதாகத் திறந்திருந்த இடத்தில் இரண்டாவது வெளிச்சம் அடித்தது. அது அடித்ததை உணர்ந்தபோது எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. உரும்பிராயும் போயிற்று, சந்திரமதியும் போனாள், ஓர் ஊசியாலும் ஒரு பையாலும் கனடாக்காரன் வென்றுவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். வீடு எரிந்த நாளில் வராத அழுகை இப்போது வந்தது. மூன்றாவது வெளிச்சம் அவன் உச்சந்தலைக்கு அடித்தது.

கிழவி போகவில்லை. ஒரு சொல்லும் விளங்காமலே முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றவள், பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினாள். "கெனாவ்" என்றாள். சரியாய்ச் சொன்னாய், அதேதான் என்பதற்கு இந்த ஊர் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டு அவனுடைய பையைத் தானே தூக்கி உள்ளே வைத்தாள். மூன்று வருடத்தில் ஒரு சுவிஸ் ஆள் அவன் சொன்னதை முழுதாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. தவச்செல்வன் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். ரை தோளில் கிடந்தது, கழுத்தில் ஊசி தொங்கியது, பக்கத்தில் கிழவியின் தொப்பி. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நாலாவது வெளிச்சம் அடித்தது.

ஈரம் காயாத படத்துண்டைப் பிடித்துக்கொண்டு ரயில் மேடைக்கு ஓடினான். மகேஸ்வரன் அண்ணை ரயில் வாசலில் நின்று வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழாக நாலு சதுரம். முதலாவதில் நெற்றி இல்லாத ஒருவன், இரண்டாவதில் கத்துகிறவன், மூன்றாவதில் தலைமயிர், நாலாவதில் கண்ணீரோடு சிரிக்கிறவன்.

"தம்பி, இது மாப்பிள்ளைப் படமோ, பொலிஸ் தேடுற படமோ?" என்று கேட்டார். பிறகு மனமிரங்கி, நாலாவதை மட்டும் கிழித்து வைக்கலாமே என்றார்.

தவச்செல்வன் கிழிக்கத்தான் போனான். கடித உறையைத் திறந்தபோது தான் எழுதிய வரி கண்ணில் பட்டது. கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவன். அந்தப் பெண் ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கிறாள், அதற்கும் பொய். வாழ்நாள் முழுவதும் தீப்பெட்டியை அவளுக்கு ஒளித்து வைக்க முடியுமா? வெட்கமாக இருந்தது. கடிதத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படத்துண்டை முழுதாக உறைக்குள் போட்டான்.

"கடிதம் வேண்டாமோ?"

"படம் காணும் அண்ணை. அதிலை எல்லாம் இருக்கு."

ரயில் சொன்ன நேரத்துக்கு ஒரு விநாடி பிந்தாமல் புறப்பட்டது. திரும்பி வரும் வழியில் அதே சிவப்பு விளக்கு, அதே வெறுந்தெரு. தவச்செல்வன் நின்று, பச்சை வந்த பிறகு நடந்தான். பஸ் மறுபடியும் அவனை விட்டுவிட்டுப் போனது. அடுத்ததில் வந்து, சேட்டுக்குப் பொத்தான் தைத்துச் சிறிலிடம் கொடுத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு வீட்டில் ஐந்து பேரும் துக்கம் விசாரித்தார்கள். கோட்டுக்கு அடுத்த ஆள் யார் என்று பேச்சும் தொடங்கிவிட்டது. தீபாவளி வந்து போனது. ஒரு செய்தியும் இல்லை. ஜெர்மன் புத்தகத்தை அவன் திறப்பதை விட்டுவிட்டான்.

மார்கழியில், முதல் பனி கொட்டிய கிழமை, கடிதம் வந்தது. பத்மநாதன் எழுத்தல்ல, கரும்பலகையில் எழுதிப் பழகிய நேரான எழுத்து. நின்ற நிலையிலேயே வாசித்தான்.

'ஐயாவுக்குப் படம் பிடிக்கவில்லை. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால், அவரும் ஐயாவும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. வேலியில் ஒரு கதியால் தடியை அரைச் சாண் தள்ளி நட்டதால் வந்தது. இரண்டு பேரும் அதைவிடப் பெரிய கஷ்டங்களையெல்லாம் ஒரு சொல் பேசாமல் தாங்கியவர்கள்தான். கனடாவுக்கு வேண்டாம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் கோபம் தொடங்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அது முடிவதை உங்கள் நாலாவது படத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.'